நாத்தனார் மகள்

பெரம்பலூருக்குக் கலெக்டர் ஆபீஸ் வந்த புதிது. மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்து அதற்கும் அட்வான்ஸ் கேட்ட காலம். என் புருஷனுக்கு லாரிப் பட்டறையில் வேலை, எனக்குப் பத்திரம் எழுதுகிறவரிடம் டைப் அடிக்கிற வேலை. எங்கள் வக்குக்கு ஏற்ற வீடு தேடி ஒரு மாதம் கால் தேய நடந்தோம். போன இடமெல்லாம் முதல் கேள்வி, "எத்தன புள்ளைங்க?" மூன்று என்றால் போதும், கதவு பாதி சாத்தியாகிவிடும். தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த ஊர். தலையை எண்ணித்தான் வீடு கொடுத்தார்கள்.

துறையூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. ஒற்றை அறை, ஒரு சமையல்கட்டு. முன்பகுதியில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். பின்னால் எல்லோருக்கும் ஒரே குழாய். அன்று மூத்தவளும் நடுவுளவளும்தான் எங்களோடு வந்திருந்தார்கள். நாலு வயதுச் சின்னவள் வேப்பந்தட்டையில் என் நாத்தனார் வீட்டில் இருந்தாள்.

"ரெண்டு புள்ளதானே? அதுக்கு மேலன்னா தண்ணி கட்டுப்படியாவாதும்மா."

"ரெண்டுதான்க்கா" என்றேன்.

என் புருஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே! பழைய வீட்டைக் காலி செய்ய இரண்டே நாள் கெடு. வாசலுக்கு வாசல் போய்ப் பல்லைக் காட்டியது நான்தானே?

பத்து நாளில் நாத்தனார் சின்னவளைக் கொண்டுவந்து விட்டாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. வாசலிலேயே வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "யாரு இது?" என்று கேட்டார்.

"இவங்க மவக்கா" என்று நாத்தனாரைக் கை காட்டினேன். "இவங்களுக்கு ஒடம்பு முடியல. கொஞ்ச நாளு எங்ககிட்ட இருக்கட்டுமேன்னு..."

நாத்தனார் பிள்ளையின் துணிப்பையை என் கையில் திணித்தாள். "கொஞ்ச நாளுன்னா சரி" என்றார் வீட்டுக்காரம்மா.

நாத்தனாரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைக்குப் பாடம் நடத்தினேன். நான் அத்தை, அப்பா மாமா. அம்மா எங்கே என்று யார் கேட்டாலும், ஊரில். சரியாகச் சொன்னால் கடலைமிட்டாய், தப்பினால் தொடையில் கிள்ளு. அம்மா என்று கூப்பிட்டால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்றும் பயமுறுத்தி வைத்தேன். கெட்டிக்காரி, மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். அவள் "மாமா" என்று கூப்பிட்டபோதெல்லாம் என் புருஷன்தான் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரம்மா ஒன்றும் பொல்லாதவர் இல்லை. சின்னவளைக் கண்டால் முறுக்கு எடுத்துத் தருவார். ஒருநாள் குழாயடியில் அவள் தலையைத் தடவிக்கொண்டே என்னிடம், "என்னதான் ஒடம்பு முடியலன்னாலும் பெத்தவ ஒரு எட்டு வந்து பாக்க மாட்டா? கல்லு மனசுக்காரி" என்றார்.

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாவி, அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம். உள்ளே போய் அரிசி களைந்தேன்.

நாலு மாதம் ஓடிய பிறகு சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசியோடு வந்த நர்ஸம்மா, "புள்ளையோட அம்மா யாரு? கையப் புடிங்க" என்றார்.

"நான்தாங்க."

அனலாய்க் கொதித்த பிள்ளை கண்ணைத் திறந்தது. "இது அத்தை. அம்மா ஊர்ல இருக்காங்க."

நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏய், நான்தாண்டி ஒன் அம்மா. சொல்லுடி கண்ணு" என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வீடு போய்விடுமாம். ஊசி ஏறியபோதும் "அத்தே!" என்றுதான் அலறினாள்.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்காரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தண்ணிய வுடும்மா. பெத்த புள்ளைய இல்லன்னு சொல்ல ஒனக்கு எப்புடி நாக்கு வந்துச்சு? மாசம் பொறந்ததும் வேற வூடு பாத்துக்குங்க."

சாமான்களைக் கட்டினேன்.

பிறகு அரியலூர். என் புருஷனுக்கு அங்கே ஒரு பட்டறையில் இடம் கிடைத்தது. சிமெண்ட் லாரி போகிற ரோட்டோரம் ஷீட்டு போட்ட வீடு. சோற்றுப்பானை வரைக்கும் தூசி படிந்தது. வேறு யாரும் குடிவராத வீடு என்பதால் எத்தனை பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. பால் காய்ச்சி, முதல் டம்ளரைச் சின்னவளிடம் கொடுத்தேன்.

"இனிமே அம்மான்னே கூப்புடுடி. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பாலைக் குடித்து முடித்தாள். எழுந்து போய்க் கதவைத் தள்ளிச் சாத்தினாள். திரும்பி வந்து என் காதில் வாயை வைத்து, வெளியே கேட்காதபடி, "அம்மா" என்றாள்.