பிளக் பிடுங்கி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பிளக் பிடுங்கி. வைத்தவர் மேலாளர். அதைத் தவிர அவள் வேறு வேலை செய்து அவர் பார்த்ததில்லை, பார்க்க வந்ததுமில்லை.

ஆற்றங்கரைக் கம்பங்களில் முந்நூறு வெள்ள எச்சரிக்கைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி லினக்ஸ் கணினி. புது மென்பொருள் இங்கிருந்தே போகும். அதற்கு முன் தன் மேசையிலிருக்கும் சோதனைப் பெட்டியில் அதை ஏற்றி, பாதியில் பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் பதினோரு வருடமாக அவள் பிழைப்பு. புதியது பழையதன் பக்கத்தில் தனி இடத்தில் இறங்க வேண்டும். அது முழுசாக இறங்கி எழுந்து நின்ற பிறகுதான் பழையது விலகலாம். பாதியில் கரண்ட் போனால் பெட்டி பழையதைக் கொண்டே எழுந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. இது ஏறாத மண்டை ஒன்று அந்தக் கட்டடத்தில் இருந்தது. அதற்குக் கண்ணாடி அறையும் ஏசியும் வேறு கொடுத்திருந்தார்கள்.

மேலாளருக்கு இந்த முறை ஓர் ஆசை. பெட்டி எழும்போது நிறுவனச் சின்னம் சுழன்று சுழன்று வர வேண்டுமாம். கம்பத்துப் பெட்டிக்குத் திரையே கிடையாது, காக்கைகூடப் பார்க்கப்போவதில்லை. அந்தப் படத்துக்கு இடம் போதாமல், புதியது இறங்கும் தனி இடத்தையே எடுக்கச் சொல்லிவிட்டார். புதியது இனி பழையதன் தலைமேலேயே இறங்கும்.

“பாதியில கரண்ட் போனா பெட்டி செத்துடும் சார். என் தங்கச்சி வீடு கரையிலதான் இருக்கு.”

“எப்பப் பாத்தாலும் அபசகுனமாவே பேசாதீங்கம்மா” என்றார் மேலாளர். மேசைப் பெட்டியின் பிளக்கின்மேல் டேப் ஒட்டி, ‘தொடாதீர்’ என்றும் எழுதிவைத்தார். மகா பாதுகாப்பு ஏற்பாடு!

மாலை நான்கு மணிக்கு முந்நூறு பெட்டிக்கும் அனுப்புவதாக ஏற்பாடு. காலையில் நிறுவனத் தலைவருக்கு முன்னால் மேசைப் பெட்டியில் ஏற்றிக் காட்டினார்கள். அது பாதி ஏறியிருக்கையில், மேலாளர் சின்னத்தின் அழகை வர்ணித்துக்கொண்டிருந்தபோது, அவள் டேப்பை உரித்துப் பிளக்கைப் பிடுங்கினாள். மறுபடி செருகினாள். பெட்டியோடு இணைத்திருந்த திரை கறுப்பாகவே கிடந்தது. சின்னமும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை.

“உங்களை யாரு பிடுங்கச் சொன்னது?”

“ஆத்தங்கரையில கரண்ட் யார்கிட்ட கேட்டுட்டு சார் போகுது?”

தலைவர் திரையையும் மேலாளரையும் மாறி மாறிப் பார்த்தார். “நாலு மணிக்கு எதுவும் போகக் கூடாது” என்று எழுந்துவிட்டார். மேலாளர் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை. பதினோரு வருடத்தில் அப்படியொரு நிம்மதியான நாள் அவளுக்கு வாய்த்ததில்லை.

மறுநாள் தங்கை போன் செய்தாள். “நேத்து நாலு மணிக்குப் பிடிச்ச மழை விடவேயில்லக்கா. கரண்ட் போறதும் வர்றதுமா இருந்துச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி எழுந்து கத்துச்சு. பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு மேட்டுக்கு ஓடிட்டோம். திரும்பிப் பாத்தா வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி.” மூக்கை உறிஞ்சினாள். “அந்தப் பெட்டியை வச்ச உங்க மேனேஜர் நல்லா இருக்கணும்க்கா. நான் சொன்னேன்னு சொல்லிடு.”

அவள் கண்ணாடி அறையைப் பார்த்தாள். உள்ளே அவர் டேப் சுருளைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சொல்றேன்” என்றாள்.