நாகலக்ஷ்மி மாமி கான்ஃபரன்ஸ் போன் வாங்கிய கதை

எங்கள் ஆபீஸுக்கு எது வாங்குவதென்றாலும் நாகலக்ஷ்மி மாமிதான் பார்த்து வாங்க வேண்டும். கழக்கூட்டத்தில் பதினோரு பேர் வேலை செய்யும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி இது. மாமி அட்மின் மானேஜர். கரமனையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தும் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். இருபது வருஷமாக ஒரே கடையில் காப்பிப்பொடி வாங்கினாலும், ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டச் சொல்கிற ஆள். ஆபீஸுக்கு நாற்காலி வாங்கியபோது ஒரு நாள் முழுக்க அதில் உட்கார்ந்து வேலை பார்த்த பிறகுதான் சரி என்றார். நாங்கள் கேலி செய்தோம். இன்றைக்கு வரை ஒருத்தருக்கும் முதுகுவலி இல்லை என்பது வேறு விஷயம்.

போன மாதம் மஸ்கட்டிலிருந்து ஒரு மெயில் வந்தது. அங்கே ஒரு கிளினிக்குக்கு, நோயாளிகளுக்கு நேரம் குறித்து டோக்கன் கொடுக்கிற சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். வியாழக்கிழமை மீட்டிங்குகளில் ஷிபா என்று ஒருத்தி பேசுவதே இல்லை, அவளுக்குப் பதில் வேறு ஆளைப் போடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்த சாஃப்ட்வேரில் முக்கால்வாசி ஷிபா எழுதியது. பாறசாலையிலிருந்து ரயிலில் வருகிற பெண், மெதுவான குரல். எங்களிடம் வேறு வேலையும் கைவசம் இல்லை. மாற்றினால் அவள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அன்றைக்கு அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

முதலாளி பத்மகுமார் ஸார் நல்ல மனிதர். தொண்டையும் நல்ல தொண்டை. பழைய ஸ்பீக்கர்மேல் பழியைப் போட்டுவிட்டு, நல்ல கான்ஃபரன்ஸ் போனாக ஒன்று வாங்குங்கள், ஷிபா பேசுவது அவர்களுக்குக் கேட்கட்டும் என்று மாமியிடம் சொன்னார்.

கடைக்காரர் மூன்று போன்களைக் கொண்டுவந்து, அறை மூலையில் நின்று பேசிக் காட்டி, ஊசி விழுந்தாலும் கேட்கும் என்றார். மாமி தலையாட்டி அவரை அனுப்பிவைத்தார். பிறகு எங்களை அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து நிஜ மீட்டிங் மாதிரியே நடத்தச் சொல்லிவிட்டு, மொபைலோடு கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார். மஸ்கட்காரர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வேண்டாமா என்பது மாமியின் கட்சி. அதுவரை எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றியதில்லை.

இரண்டு போன்களைக் கேட்டு முடித்து மேலே வந்தபோது மாமியின் முகம் சரியில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ரெண்டுமே நல்ல போன். ஸார் மோதிர விரலால் மேஜையைத் தட்டுவதுகூடக் கேட்கிறது. ஆனால் ஷிபா வாயைத் திறந்த மூன்று தடவையும் ஸார் குறுக்கே புகுந்து தானே பேசி முடித்துவிட்டார். இதை முதலாளியிடம் யார் சொல்வது என்று மாமி கேட்டார். எனக்குத் தைரியமில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

மாமியும் சொல்லவில்லை. மூன்றாவது போனை ஸாரே கேட்டு முடிவு செய்தால்தான் நன்றாக இருக்கும் என்று பணிவாகச் சொல்லி, அவரைக் கீழே காரில் போய் உட்காரச் சொன்னார். ஸார் சந்தோஷமாகப் போனார்.

மஸ்கட்டில் ஒரே நேரத்துக்கு ரெண்டு பேருக்கு டோக்கன் போகிறதே, அது ஏன் என்று மாமி ஷிபாவைக் கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். தப்பு எங்கே இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது, எத்தனை நாள் ஆகும் என்று பத்து நிமிஷம் நிறுத்தாமல் சொன்னாள். குரல் மெதுவானதுதான், ஆனால் ஒரு வார்த்தை குழறவில்லை.

அவள் முடித்ததும் போனில் ஸாரின் குரல், மலையாளம் கலந்த தமிழில் வந்தது.

"இப்பப் பேசினது ஆராக்கும்?"

"ஷிபா, ஸார்," என்றார் மாமி. "மூணு வருஷமா உங்க பக்கத்து நாற்காலிலதான் உக்காந்திண்டிருக்கா."

போனில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. 

மேலே வந்தவர் எதை வாங்கலாம் என்று கேட்டார். எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார் மாமி. விலை குறைந்ததையே வாங்கினோம்.

வியாழக்கிழமை ஸார் கதவோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ரெண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஷிபாதான் பேசினாள். கடைசியில் மஸ்கட்காரர், ஆளை மாற்றுகிற பேச்சை விட்டுவிடுங்கள், ஷிபாவே இருக்கட்டும் என்றார். ஷிபா முகத்தைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

போனை வைத்ததும் ஸார் எழுந்து வந்தார்.

"இவ்வளவும் அறிஞ்சு வச்சிட்டு, முன்னமே ஒரு வாக்கு சொல்லப்பிடாதா, மோளே?"

"சொன்னேன் ஸார்," என்றாள் ஷிபா. "நாலு மீட்டிங்ல சொன்னேன்."

ஸார் கதவோரத்து நாற்காலியைத் திரும்ப இழுத்து வந்தார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செரி, இப்பச் சொல்லு. வேற என்னெல்லாம் சொல்லியிருக்க?"