ஊசியால் முறியாத நோன்பு

கடையநல்லூரில் எங்கள் தெருப் பெண்கள் அம்மை குத்திக்கொண்டது என்னால்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் மரியாதை. நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்காக ஒரு பொய் சொன்னேன். இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

ஐம்பதுகளின் கடைசி. முந்தின வருஷம்தான் விஷக்காய்ச்சல் வந்து, தெரு முழுக்கத் தறிச்சத்தம் அடங்கிக் கிடந்தது. அதைத் தடுக்க எங்கள் பக்கம் ஊசி எதுவும் வரவில்லை. கஞ்சியும் கசாயமுமாகத் தப்பித்தோம். அடுத்த நோன்பு மாதத்தில், குற்றாலத்து அருவிகூட வற்றிப்போன வெயிலில், பெரியம்மை வந்தது. பின்தெருவில் ஒரு பிள்ளை இறந்தது. ஆனால் இதைத் தடுக்க ஊசி இருந்தது. தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்து, பக்கத்து வீட்டு முற்றத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பெண்கள் அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார்கள். அதற்கும் வழி செய்திருந்தார்கள். முற்றத்தின் குறுக்கே ஒரு கைலித் துணியைக் கட்டி, அதில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டாயிற்று. உள்ளேயிருந்து கையை மட்டும் நீட்டினால் போதும். காலையிலிருந்து ஒரு கையும் நீளவில்லை.

காரணம் எங்கள் பெரிய வாப்பா. வாப்பாவின் அண்ணன், தெருவுக்கே மூத்தவர். சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவர், முகமெல்லாம் தழும்பு. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்தவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"கையில குத்துனா மருந்து ஒடம்புக்குள்ள போவும். நோன்பு முறிஞ்சிரும். பெருநா கழியட்டும், பாத்துக்கிடலாம்."

எனக்கு எட்டு மாதத்தில் ஒரு தம்பி இருந்தான்.

"தம்பிக்கு ஏது நோன்பு?" என்று கேட்டேன்.

"அவன் உம்மாவுக்கு இருக்குல்லா?"

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று வீட்டில் எல்லாருக்கும் விளங்கியதுபோல் இருந்தது. உம்மா மட்டும் தம்பியை மடியைவிட்டு இறக்காமல் இருந்தாள். பின்தெருப் பிள்ளைக்கும் எட்டு, ஒன்பது மாதம்தான்.

சாச்சி, என் சின்னம்மா, என்னைச் சீண்டினாள். "ஏட்டி, உனக்குப் பசிக்கி. நோன்ப விட ஒரு சாக்கு வேணும், அதான் ஊசி ஊசின்னு குதிக்க."

பக்கத்து வீட்டுத் திரைக்கு அப்பாலிருந்து அம்மை குத்துகிறவர் குரல் கொடுத்தார். "அஞ்சு மணிக்குப் பெட்டிய மூடிருவேன். நாளைக்குச் சிவகிரி. பொறவு எப்ப வருவீகன்னு என்னைக் கேக்கப்பிடாது."

மார்க்கச் சந்தேகம் என்றால் ஆலிம்சாவிடம் கேட்க வேண்டும். பெண்கள் பள்ளிவாசலுக்குப் போகமாட்டார்கள்; ஆண்களுக்கோ சந்தேகமே இல்லை. ஆகவே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நானே போனேன். வாசலிலேயே ஒருவர் மறித்தார்.

"பொட்டப்பிள்ளைக்கு இங்கன என்னட்டி சோலி?"

"ஆலிம்சாட்ட ஒண்ணு கேக்கணும்."

"உன் வாப்பாவ வந்து கேக்கச் சொல்லு."

"வாப்பா கொழும்புல இருக்காக."

"அப்ப கொழும்புலயே கேக்கச் சொல்லு."

உள்ளே நாலைந்து பேர் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்புதான் என்னைப் பொய் சொல்ல வைத்தது. கேள்வியை உள்ளே விடமாட்டார்கள் என்றால், பதிலை நானே வைத்துக்கொள்கிறேன். பதில் ஒன்றும் எனக்குத் தெரியாததல்ல. நோயை இறக்கிய அல்லா மருந்தையும் இறக்கியிருக்கிறான், மருந்து செய்துகொள்ளுங்கள் என்று நபி சொன்னதை ஓதப்பள்ளியில் படித்திருந்தேன். படித்ததை நம்பியது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து நடுவீட்டில் நின்று அறிவித்தேன். "ஆலிம்சாட்ட கேட்டுட்டேன். ஊசியால நோன்பு முறியாதாம். வாயால திங்கது குடிக்கதுதான் முறிக்குமாம். நோயத் தடுக்கது கடமையாம்."

தறிக்குழியிலிருந்து பெரிய வாப்பா ஏறி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார்.

"ஏட்டி, நெசமாவே கேட்டியா?" என்றாள் உம்மா.

"கேட்டேன்." இது இரண்டாவது பொய். நாக்கு ஒட்டிக்கொண்டது, நோன்பின் தாகம் என்று சொல்லிக்கொண்டேன். மணி நாலரை இருக்கும்.

திரும்பி வந்தவர் நிதானமாகக் கால் கழுவினார்.

"கேட்டுட்டேன். பிள்ள சொன்னது சரிதான்."

தம்பியை உம்மாவின் மடியிலிருந்து அவரே தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். குத்தும்போது தம்பி வீறிட்டான். பெரிய வாப்பா முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு திரை ஓட்டையில் கைகள் வந்தன. முதலில் என் கை. அடுத்து உம்மாவின் கை. வளையல் போட்டவை, நூல்சாயம் ஏறியவை, ஒன்றன்பின் ஒன்றாக. "அஞ்சு மணியாச்சே அண்ணாச்சி, பெட்டிய மூடலியா?" என்று திரைக்குள்ளிருந்து சாச்சி கேட்டாள்.

தம்பி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தான். எங்கள் வீட்டுக்குள் அம்மை வரவில்லை. எனக்குத்தான் வேறொரு நோய். ஊசி நோன்பை முறிக்காது, சரி, பொய்? நோன்போடு பொய் பேசினால் நோன்பு வெறும் பட்டினி என்றும் அதே ஓதப்பள்ளியில்தான் படித்திருந்தேன். தவறிய நோன்புக்குப் பதிலாகப் பின்னால் பிடிப்பதைக் களா என்பார்கள். பெருநாளுக்கு மறுநாள் யாருக்கும் தெரியாமல் ஒரு களா நோன்பு பிடித்தேன். மத்தியானம் நெய்ச்சோறு. தட்டில் வைத்ததைக் கோழிக்குப் போட்டேன். என் நல்ல காலம், யாரும் கவனிக்கவில்லை. பெரிய வாப்பா வயிறு சரியில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டதால் வீடே அவரைச் சுற்றி நின்றது. பெருநாள் கறி அதிகமாகிவிட்டது என்று நானும் சிரித்தேன்.

போன விடுமுறையில் ஆலிம்சா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் பெயரில் பொய் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் யோசித்தார்.

"ஊசிக்காரன் வந்த அன்னைக்கா? அன்னைக்கு நான் வடகரையிலல்லா இருந்தேன். மகளுக்குப் பிள்ள பொறந்த நாளு. மறுநாதான் ஊருக்கு வந்தேன்."

நேரே தறிக்குழிக்குப் போனேன். "பெரிய வாப்பா, அன்னைக்குப் பள்ளியில யாருகிட்ட கேட்டீக?"

அவர் தறியில் ஓடிய நாடாவை நிறுத்தவில்லை. "உனக்கு யாரு சொன்னாவளோ, அவுககிட்டதான்."

பெருநாளுக்கு மறுநாள் சாச்சி கொண்டுவந்த சுக்குத்தண்ணீரைக்கூட, பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்வரை அவர் தொடவில்லை. பத்து வயதில் அதை நான் வயிற்றுவலி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.