தக்காளித் தோட்டத்துக்குப் போன குழல்

மெர்வின் ட்ரெசைஸின் தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக்கொடுத்து நிற்பவை தேய்ந்துபோன துப்பாக்கிக் குழல்கள். ஆஸ்திரேலியாவில் எங்கள் விம்மெரா பக்கத்துத் துப்பாக்கி கிளப்பில் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். உயிரோடு உயிராகப் பழகிய குழலைப் பழைய இரும்புக்குப் போட யாருக்கு மனம் வரும்?

அந்த வசந்தத்தில் மெர்வினின் இன்னொரு குழலுக்கும் காலம் முடிந்தது. குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் வெந்து தேய்ந்து, நடுவட்டத்தில் விழ வேண்டிய குண்டுகள் இலக்குப் பலகை முழுக்கச் சிதறின.

"குழல்தான் போச்சு" என்றார் மெர்வின்.

குழல் மட்டுமில்லை என்று அவர் மனைவி நோலாவுக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் சுடுகளத்தில் அவர் படுத்துச் சுடும்போது, பக்கத்தில் படுத்து அவருடைய மதிப்பெண்ணை எழுதுகிறவள் அவள்; தன் முறை வந்தால் அவளும் சுடுவாள். அவருக்கு வந்த பக்கவாதத்துக்குப் பிறகு, துப்பாக்கியைத் தாங்கும் அவருடைய இடது கை கடைசிக் குண்டுகளின்போது நடுங்குவதை அவள் பார்த்திருந்தாள். இதே கனத்தில் இன்னொரு குழல் மாட்டினால் அந்தக் கை தோற்றுவிடும். சுடுகளத்தை இழந்த மெர்வினை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

துப்பாக்கி பழுதுபார்க்கும் லின்சேயின் பட்டறைக்கு அவர்கள் இருவரையும் நான்தான் வண்டியில் கூட்டிப் போனேன். அவன் இரண்டு குழல்களை மேசையில் வைத்தான். ஒன்று பழையதைப் போலவே நீளம், கனம். மற்றது குட்டை, ஒல்லி.

"கனமானதுதான் வேணும். அதுதான் ஆடாது" என்றார் மெர்வின்.

"அண்ணே, சின்னதும் நல்லாத்தான் சுடும். கைக்கு லேசா இருக்கும்."

"அது முயல் அடிக்கிற பசங்களுக்குடா! எனக்கென்ன, கை போச்சா?"

லின்சே என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். நோலா தோளைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் சாய்ந்தாள்.

"யோவ், எனக்குத் தோள் வலி தாங்கல. நீ கிண்டல் பண்ணுவேன்னுதான் சொல்லல. என் துப்பாக்கிய வித்துட்டு, உன்னோடதையே ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சுடலாம்னு நெனச்சேன். அந்தக் கனத்த என்னால தூக்க முடியாது. விடு, நான் வீட்லயே கெடக்கேன்."

மெர்வின் துடித்துப்போனார். "நீ வரலேன்னா பக்கத்துல எவன்டி படுத்து எழுதுவான்? லின்சே, சின்னதையே மாட்டுப்பா. அடியே, அழாத!"

"நான் எங்கய்யா அழுதேன்?"

கண் கலங்கியிருந்தவர் அவர்தான்.

புதுக் குழலோடு சுட்ட முதல் சனிக்கிழமை, கடைசிக் குண்டு வரை அந்தக் கை அசையவில்லை.

மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய நாளில்தான் எங்கள் ஊரில் தக்காளி நடுவது. அன்று பழைய குழலை மண்ணில் இறக்க, நோலா பெரிய சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கி அடித்தாள். ஒரே அடியில் குழல் ஒரு சாண் ஆழம் இறங்கியது.

வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த மெர்வின் கேட்டார்: "ஏன்டி, தோள் வலின்னியே?"

சம்மட்டி அந்தரத்தில் நின்றது. நோலாவின் முகம் சிவந்தது.

"பட்டறையிலயே தெரியும்டி. முந்தின நாள்தான ஆட்டுக்கிடாவ ஒத்த ஆளாத் தூக்கி வண்டியில போட்ட?"

"அப்புறம் ஏன்யா சின்னத வாங்கின?"

மெர்வின் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உனக்குப் பொய்யே வராது. எனக்காகக் கஷ்டப்பட்டு ஒண்ணு சொன்ன. அத வீணாக்கலாமா?" என்றவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னொரு அடி போடு. சாயுது பாரு."