வெள்ளைக் கவர்கள்

மூணாறிலிருந்து வட்டவடைக்கு நான் ஜீப் ஓட்டுகிறேன். போன சீசனில் ஜப்பானிலிருந்து வயதான தம்பதி ஒன்று என் வண்டியில் ஏறியது. அவர்கள் ஊரில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே இல்லையாம். இந்தியாவில் கொடுக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனிதர் வெள்ளைக் கவர்களில் பணம் போட்டு, பை நிறையக் கொண்டுவந்திருந்தார்.

வழியில் ஒருவர் மாட்டை ஓரங்கட்டி எங்களுக்கு வழிவிட்டார். ஜப்பான்காரர் இறங்கிப்போய், குனிந்து, இரண்டு கையாலும் கவரை நீட்டினார். மாட்டுக்காரர் மிரண்டுவிட்டார்.

"சினை மாடுய்யா. விக்கிறதுக்கில்லன்னு சொல்லு."

வட்டவடையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குத் தின்ன ஆளுக்கொரு கேரட் கொடுத்தார். உடனே கவர் வந்தது.

"ஒரு கேரட்டுக்குக் காசா? நானென்ன கடையா வச்சிருக்கேன்?"

அவர் வாங்க மறுத்ததும், பணம் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு கவரும் சேர்ந்தது. அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சும்மா வாங்கியதாக இருக்கக்கூடாதென்று ஒரு சாக்குக் கேரட்டை ஜீப்பில் ஏற்றினார். அதற்கொரு கவர். பதிலுக்கு முட்டைக்கோஸ். அதற்கும் கவர். அக்காவின் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பூண்டுக் கட்டோடு வந்தார்.

"நோ மணி! அக்கா ஆங்ரி!" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். ஜப்பான்காரர் பயந்து இன்னும் தாழக் குனிந்தார்.

கடைசியில் அவர் மனைவிதான் தன் தலையிலிருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி அக்காவுக்கு மாட்டிவிட்டார். தானே பின்னியது என்று விரல்களை ஆட்டிக் காட்டினார். அக்கா குல்லாவைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"இது போதும்த்தா. தம்பி, இந்தக் கவரையெல்லாம் அவுககிட்டயே குடுத்துரு."

மூணாறில் ஓட்டல் வாசலில் இறங்கியதும் ஜப்பான்காரர் எனக்கும் ஒரு கவர் கொடுத்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகுதான் அக்கா திருப்பிக் கொடுத்த கவர்களும் அதே பையில் இருப்பது நினைவுக்கு வர, பையிலிருந்த எல்லாவற்றையும் அள்ளி, அவரைப்போலவே இரண்டு கையால் நீட்டினேன். அவர் என்னையும் கவர்களையும் மாறிமாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காய்கறியோடு வீட்டுக்கு வந்தேன்.

"வெளிநாட்டுக்காரங்களாச்சே, டிப்ஸ் உண்டா?" என்றாள் மனைவி.

"உண்டு. நான்தான் அவருக்குக் குடுத்துட்டு வந்தேன்" என்றேன்.