களை என்றொரு குடும்பம் இல்லை

என் மறைந்த தம்பியின் மனைவி, ரஞ்சன்குடிக் கோட்டை தெரியும் தூரத்தில் ஒன்றரை ஏக்கரில் பருத்தி போட்டிருந்தாள். அவளுக்கு வேறு வெள்ளாமை கிடையாது. சென்ற ஐப்பசியில் அது ஐந்தே நாளில் செத்தது. நோயாலன்று, மழையின்மையாலுமன்று, ஒரு மனிதரின் வாயால் செத்தது.

களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. பக்கத்துக் காட்டு மக்காச்சோளத்தில் ஒரு மருந்து அடித்ததும் சோளம் நிற்க, களை மட்டும் கருகியதைக் கண்டிருந்தாள். பெரம்பலூருக்குப் போய் அதையே கேட்டாள். "பருத்திக்கு அடிக்கலாங்களா?" என்று கேட்டுத்தான் வாங்கினாள்.

"சோளத்தட்டையே நிக்குது, பருத்தி நிக்காதா? அது கெட்டிச் செடிம்மா, தைரியமா அடிங்க" என்றாராம் கடைக்காரர்.

மருந்தடித்த நான்காம் நாள் எனக்குத் தொலைபேசி வந்தது. "மாமா, எலையெல்லாம் வெண்டை எலையாட்டம் விரலு விரலா போயிடுச்சு. தண்டு முறுக்கிக்கிட்டு நிக்குது."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அரியலூர் ரயிலடியில் பழைய விலைக்கு வாங்கிய தாவரவியல் பாடநூலே என் கல்லூரி. மக்காச்சோளம் ஒருவித்திலைத் தாவரம், புல்லுக்கு உறவு. பருத்தி இருவித்திலைத் தாவரம். வரப்பில் முளைக்கும் துத்தியும் பருத்தியும் ஒரே குடும்பம். துத்தியைக் கொல்லும் மருந்து பருத்தியை விடுமா? சோளம் பிழைத்தது கெட்டியாக இருந்ததால் அன்று, புல்லினமாக இருந்ததால்.

மறுநாள் முறுக்கிய செடியொன்றைப் பிடுங்கிக்கொண்டு அந்தக் கடைக்குச் சென்றேன். கல்லாவின் மேல் வைத்து, இந்த வித்தியாசத்தைச் சொன்னேன்.

"பெரியவரே, இதென்ன காலேஜா? அந்தம்மா அளவு கூடப் போட்டிருக்கும்."

"ஐயா பாடம் எடுக்க வந்திருக்காரு, பெஞ்சு போடுங்கப்பா!" என்றார் யூரியா வாங்க நின்ற ஒருவர். கடையே சிரித்தது.

மருந்துப் பொட்டலத்தை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொன்னேன். எறும்பளவு எழுத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்தார்: "அகன்ற இலைக் களைகளுக்கு."

"இது அகன்ற இலையா, புல்லா?" என்று செடியைத் தூக்கிக் காட்டினேன்.

"களைக்குன்னுதானே போட்டிருக்கு? பருத்தி களையாய்யா?"

களை என்பது நாம் வைத்த பெயர். தாவரவியலில் அப்படியொரு குடும்பம் இல்லை. விஷத்துக்கு வித்திலைக் கணக்கு தெரிந்திருக்கிறது, விற்பவருக்குத் தெரியவில்லை. 'பருத்திக்கு ஆகாது' என்று பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னேன்.

"ஒட்டுனா எவன் வாங்குவான்?" என்று அடுத்தவருக்கு யூரியா எடுக்கத் திரும்பினார்.

காட்டுக்குத் திரும்பியபோது அவள் பருத்தியைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்தை அவள் மீதே இறக்கினேன். "ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அவள் நிமிரவில்லை. "நீங்க பொஸ்தகத்தை எடுப்பீங்க மாமா. ஆதியிலேருந்து ஆரம்பிப்பீங்க. எனக்கு அன்னைக்கே களை போவணும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த சாலில் இறங்கிப் பிடுங்கினேன். துத்தியும் பருத்தியும் ஒரே குவியலில் கிடந்தன.