கண்ணைத் திறந்தே கும்பிடுகிறோம்

எனக்கு எழுபது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். கீழக்குயில்குடிக் கோயிலில் என் மூத்த மகன் கண்ணை மூடிக் கும்பிட்டபோது உடம்பு ஆடியது. கண்ணைத் திறந்தான், கருவிழிகள் நிலைகொள்ளாமல் துடித்தன.

“சாமி வந்திருச்சு! அருவா மேல ஏத்துங்கப்பா!” என்றார் கொழுந்தனார். தீட்டிய அரிவாளை இரண்டு பேர் நீட்டிப் பிடித்தார்கள்.

“சாமி இல்லய்யா, உங்க அண்ணனுக்கு வந்த சீக்கு!” என்று கத்தி, மகனை இழுத்துக்கொண்டேன்.

என் கணவரும் இப்படித்தான் தள்ளாடினார். கள் வாடையே அறியாதவரைக் குடிகாரர் என்று ஊர் ஏசியது. கிணற்று மேட்டில் முகம் கழுவக் கண்ணை மூடியவர், உள்ளே விழுந்து செத்தார்.

அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் சீக்கு, கண்ணை மூடினால் நிலை தவறும், பார்ப்பதெல்லாம் ஆடும் என்றார் டாக்டர். இப்போது எங்கள் வீட்டில் எல்லாரும் தூணைப் பிடித்து, கண்ணைத் திறந்தே கும்பிடுகிறோம்.

எழுத்துக்கூட்டி இதை எழுதிவிட்டேன். மூத்தவன் மகனைக் கூப்பிட்டு, அவன் கருவிழிகளையே பார்த்தபடி கேட்கிறேன்: “வாசி ராசா. எழுத்து ஆடாம நிக்குதா?”